துவரும் தேறலும்

முப்பத்து நான்கு ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர், ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் பணிக்காலம் முழுவதும் அரைப்பொருளே கூறிவந்தார். அச்சொல் ‘தேறல்’. புறப்பாடல்களில் மன்னன் பாணனுக்குத் தேறல் வழங்கும் இடம் வரும்போதெல்லாம், “ஒருவகைப் பானம், தேன் கலந்தது” என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவார். “என்ன பானம், ஐயா?” என்று மாணவன் எவனேனும் கேட்டால், “பாட்டைப் படி” என்பதே விடை. ஆனால் திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரம் வந்துவிட்டால் அவர் குரல் தானே உயரும். பத்துக் குறளுக்கும் பத்து நாள் எடுத்துக்கொள்வார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் தந்தை பால்மரம் வெட்டியவர். இளமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் இருந்தபோது, 1941ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தில் தொழிலாளர் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றெல்லாம் கேட்டனர். மே 6ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. கள்ளுக்கடைகள் மட்டும் போகவில்லை. கள்ளுக்கடையை மூடு என்று முழங்கிய அதே மனிதர், போருக்குப்பின் பூச்சோங் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் குடிபெயர்ந்து, சம்பள நாளன்று அக்கடையின் வாசலிலேயே விழுந்து கிடந்தார். சிறுவனாக இருந்த பெரியவரே லயத்திலிருந்து போய்த் தந்தையைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார். கள்ளின் புளித்த மணம் அச்சிறுவனின் சட்டையிலும் ஏறிக்கொள்ளும். பதினான்காம் வயதில் தாயின் கையில் அடித்து ஒரு சத்தியம் செய்தார். எண்பத்திரண்டு வயதுவரை அதை மீறவில்லை.

அத்தகையவரின் வீட்டு உணவுமேசையில் சென்ற ஆண்டு இரண்டு மதுப்புட்டிகள் வந்து நின்றன.

கொண்டுவந்தவள் அவருடைய பேத்தி. பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரில் பயிர்நோய் பற்றி ஆய்வு செய்பவள். விடுமுறைக்கு வந்தவள், “தாத்தா, குடிப்பதற்காக அல்ல, காட்டுவதற்காகக் கொண்டுவந்தேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இரண்டும் தென்பிரான்சின் ஃபிட்டூ வட்டாரத்துச் செந்நிறத் திராட்சை மது. இரண்டும் ஒரே தோட்டத்தில், அதே கொடிகளில் விளைந்தவை. ஒன்று 2015ஆம் ஆண்டு அறுவடை. மற்றொன்று 2022ஆம் ஆண்டினது. கொடிகளுக்கு எண்பது வயது என்றாள். “அப்படியானால் என்னைவிட இரண்டு வயது இளையவை” என்றார் பெரியவர்.

புட்டியின் மேல் ‘முதுகொடி’ என்று பிரெஞ்சு மொழியில் அச்சிட்டிருந்தது. இச்சொல்லுக்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் வரையறை கிடையாது. முப்பது வயதுக் கொடிக்காரரும் போட்டுக்கொள்ளலாம். நூறு வயதுக் கொடிக்காரரும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே அச்சடித்த சொல்லை நம்பிப் பணம் கொடுப்பது பேதைமை. ஆயினும் உண்மையான முதுகொடிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வயதேற ஏற அது தரும் குலைகள் குறையும். பல வகைகளில் மணிகளும் சிறுக்கும். சிறிய மணியில் சாற்றின் அளவுக்குத் தோல் மிகுதி. செந்நிற மதுவின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் அத்தோலிலிருந்தே இறங்குவதால், சாறு செறிவாகிறது. ஃபிட்டூவின் முதன்மைத் திராட்சையாகிய கரிஞான் இதற்குத் தக்க சான்று. இளங்கொடியில் அது அளவின்றிக் காய்க்கும். மது சுவையற்று நீர்த்துப்போகும். அதனால் பல்லாண்டுகள் அதை மதிப்பாரில்லை. 1980களுக்குப் பின் ஐரோப்பிய மானியம் பெற்றுக்கொண்டு, பல்லாயிரக்கணக்கான ஏக்கரில் வேரோடு பிடுங்கி எறிந்தனர். எஞ்சிய கிழட்டுக் கொடிகளைத்தான் இன்று தேடிப்போகின்றனர்.

பெரியவருக்கு இச்செய்தி எளிதில் விளங்கவில்லை. பால்மரக் கணக்கில் வளர்ந்தவர் அவர். கன்று நட்ட ஐந்தாறு ஆண்டில் கத்தி படும். இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் குறையும். குறைந்தால் எஞ்சிய பட்டையையும் இரக்கமின்றிச் சீவி, கடைசி மங்குவரை பால் எடுத்தபின் மரத்தைச் சாய்த்துவிடுவர். அவர் சிறுவனாக இருந்தபோது நட்ட மரங்களை அவர் நடுவயதில் சாய்த்தனர். அவற்றின்பின் மீண்டும் நட்ட இடங்களிலும் இன்று மரமில்லை. கின்றாரா, காசல்ஃபீல்டு என்னும் தோட்டப் பெயர்கள் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பதினாலாங் கட்டைப் பக்கம் நெடுஞ்சாலை. 2016 முதல் பூச்சோங் வழியே இலகு ரயிலும் ஓடுகிறது. “விளைச்சல் குறைந்தபின் விலை கூடுகிறதா?” என்று இருமுறை கேட்டார் பெரியவர். பேத்தி தலையசைத்தாள்.

ஒட்டுக்கட்டும் கதையைச் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1863ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் ரோன் ஆற்றுப் பகுதியில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. 1868இல் மொன்பெலியேயைச் சேர்ந்த பிளான்ஷோன் என்னும் தாவரவியல் அறிஞரும் அவர் துணைவரும் வேரைத் தோண்டிப் பார்த்தனர். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மஞ்சள்நிறப் பூச்சிகள் வேரில் மொய்த்துச் சாறுறிஞ்சிக் கொண்டிருந்தன. ஃபிலொக்சரா என்னும் அப்பூச்சி வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. மருந்து பலவும் தோற்றன. முடிவில் நோய் வந்த திசையிலிருந்தே தீர்வும் வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அப்பூச்சியைத் தாங்கவல்லது. ஆகவே வேர் அமெரிக்காவினதாகவும் தலை பிரான்சினதாகவும் ஒட்டுக்கட்டினர். இன்றைய பிரெஞ்சுக் கொடிகளுள் மிகப் பெரும்பாலானவை அவ்வாறு பிழைத்தவையே. பூச்சி வாழமுடியாத மணல் நிலங்களில் மட்டும் சொந்த வேர்க்கொடிகள் சில தப்பின. தென்மேற்கில் சாராகாஷி என்னும் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்ட கொடிகள் இன்றும் நிற்கின்றன. 2012இல் அரசு அவற்றைக் கோயில் கோட்டைகளைப் போல வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. மலாயாவில் 1920களிலிருந்து பரவிய ஒட்டுமரத்தைப் பெரியவர் அறிவார். தந்தை ஒட்டுக்கட்டுவதை அருகிருந்து பார்த்தவர். “வேர் ஒரு நாட்டது, தலை ஒரு நாட்டது. நம் கதைதான்” என்றார்.

இனி எழுந்தது, வைத்திருப்பதா திறப்பதா என்னும் வினா. 2015இன் புட்டி முதிர்ந்துவிட்டது, அதைத் திறக்கலாம். 2022இன் புட்டி இன்னும் ஏழெட்டு ஆண்டு பொறுக்கும். “உங்கள் தொண்ணூறாம் பிறந்தநாளுக்கு இது இங்கேயே இருக்கட்டும், தாத்தா” என்றாள் பேத்தி. சொல்லி முடிக்குமுன் அவளே சிரித்துவிட்டாள். எங்கே வைப்பது? பிரான்சில் இத்தகைய மது நிலவறையில், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12, 13 பாகை வெப்பத்தில், தக்கை உலராதபடி கிடத்தி வைக்கப்படும். பூச்சோங்கில் ஒன்பதாம் மாடி வீட்டுக்கு நிலவறை ஏது? பகலில் 32, 33 பாகை. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பர். அக்கணக்குப்படி இங்கே காலம் நான்கு மடங்கு விரைந்து ஓடும். விரைவு மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். வெப்பத்தில் மது முதிர்வதில்லை, வேகிறது. மெல்ல மலரவேண்டிய மணம் மலராமலே பாகு காய்ச்சிய மணமாகிவிடுகிறது. முதுமை வேறு, வாட்டம் வேறு. ஆகவே இரண்டையும் அன்றே திறப்பதென்று முடிவாயிற்று.

பேத்தி 2015இன் புட்டியை முதல்நாளே நிமிர்த்தி வைத்திருந்தாள். அடியில் வண்டல் படிந்திருந்தது. அதைக் கலக்காமல், மெல்லச் சாய்த்து, தெளிவை மட்டும் ஒரு கண்ணாடிக் கூசாவில் ஊற்றினாள். “இதற்கு எங்கள் ஆய்வகத்தில் ஒரு பிரெஞ்சுச் சொல் உண்டு” என்று தொடங்கியவளைப் பெரியவர் இடைமறித்தார். “தமிழில் அறிவியல் பாடநூலிலேயே உண்டு. தெளிய வைத்து இறுத்தல்.”

அதன்பின் நடந்தது மதுச்சுவையா, சொற்சுவையா என்று பிரித்துரைப்பது அரிது. பேத்தி வாயில் வைப்பாள். உணர்ந்ததை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்லத் திணறுவாள். பெரியவர் தமிழ்ச்சொல்லை எடுத்துக்கொடுப்பார். இரண்டு குவளைகளையும் வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பார்த்தனர். 2022இன் மது நாவற்பழச் சாறுபோலக் கருநீலம் கலந்த செம்மை. 2015இன் மதுவோ ஓரத்தில் செங்கல் நிறம் கொண்டு நடுவில் மாதுளை நிறமாக இருந்தது.

முதலில் இளையதை அருந்தினாள். “நாக்கை இழுத்துப் பிடிக்கிறது, தாத்தா. ஈறெல்லாம் வறண்டுவிட்டது.”

“கடுக்காய் கடித்தது போலவா, பாக்கு மென்றது போலவா?”

“பாக்கு.”

“அது துவர்ப்பு.”

ஆங்கிலத்தில் நாவின் அடிப்படைச் சுவைகளை எண்ணும்போது துவர்ப்புக்கு இடமில்லை; அது தொடு உணர்வு என்று ஒதுக்கிவிடுவர். அறிவியல் நோக்கில் அதுவும் சரியே. தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள், உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. வாயின் வழவழப்புப் போய்விடுகிறது. கடுக்காயில் உள்ளதும் அவ்வினத்துப் பொருளே. அதனால்தான் தோல் பதனிடக் கடுக்காய் பயன்படுகிறது. தமிழரோ துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாகவே வைத்தனர். மதுவுக்கு நீண்ட ஆயுள் தருவனவற்றுள் முதன்மையானவை இத்துவர்ப்பும் புளிப்புமே. இனிய இளமது எளிதில் மகிழ்விக்கும். துவர்ப்பில்லாதது சில ஆண்டுகளில் வெறும் நீராய்த் தளர்ந்துவிடும். இன்று வாயை வறட்டுவதே நாளை அதைக் காக்கிறது.

பின்னர் மூத்ததை அருந்தினாள். நெடுநேரம் பேசவில்லை. “துவர்ப்பு இருக்கிறது, ஆனால் உறுத்தவில்லை. பழம் பின்னுக்குப் போய்விட்டது. மழைபெய்த மண், உலர்ந்த இலை...”

“சருகு” என்றார் பெரியவர். கண்ணாடியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். தாயின் கையில் அடித்த சத்தியம் பருகாமையைப் பற்றியது, முகர்வதைப் பற்றியதன்று. ஒரு கணம் தயங்கி, முகர்ந்தார். கள்ளின் நாற்றத்தை எதிர்பார்த்து முகத்தைச் சுளிக்க அணியமாயிருந்தவர் சுளிக்கவில்லை. விடியலில் பெரட்டுக்குப்பின் பால்மரக் காட்டுக்குள் நுழையும்போது காலடியில் எழும் ஈரச்சருகின் மணம் அது என்றார். உண்மையா, அவர் நினைவு செய்த வேலையா, யார் அறிவார்?

மதுச்சுவைஞர் எழுதுவதைப் படித்தால் சில வேளை நகைப்பே வரும். புகையிலை, தோல்வார், காளான், பென்சில் சீவல் என்று அடுக்குவர். ஆனால் அவர்களை மட்டும் நகைப்பது நேர்மையாகாது. நாள்பட வைத்த தேறலின் கடுப்பை ஔவையார் புறநானூற்றின் 392ஆம் பாடலில் தேள் கொட்டிய கடுப்போடு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படை அதனைச் சினந்த பாம்போடு ஒப்பிடுகிறது. புகையிலைக்கும் தோல்வாருக்கும் இவை சற்றும் குறைந்த துணிவுடையவை அல்ல.

மதுவை முதிரவைக்கும் கலையும் தமிழருக்குப் புதிதன்று. பாரியின் பறம்பு நாட்டை நினைந்து கபிலர் பாடிய 120ஆம் புறப்பாட்டில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் வருகிறது. நிலத்தடியின் மாறாத குளிர்ச்சியை நாடியது அது. பிரெஞ்சுக்காரரின் நிலவறைக்கும் அடிப்படை அதுவே. பூச்சோங் ஒன்பதாம் மாடியில் இல்லாதது பறம்பில் இருந்தது. திருமுருகாற்றுப்படையோ நெடிய மூங்கிலில் விளைந்த தேன்கள்ளைக் குன்றக்குறவர் உண்டு ஆடுவதைக் கூறுகிறது. கார்த்திகை விளக்கின்முன் அந்நூலைப் பாராயணம் செய்யும் அன்பர் பலர் அவ்வடியைக் கடந்து செல்கின்றனர்; நின்று பார்ப்பவர் சிலரே. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலை நன்மாறனுக்கு நக்கீரர் வாழ்த்தாகக் கூறுவது 56ஆம் பாட்டு. அது வெறும் புகழுரை அன்று. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, நடுநிலக்கடல் நாட்டு இருகாதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. மது ஏற்றிவரப் பயன்பட்டவை அச்சாடிகள்.

அப்படியானால் தோட்டத்துக் கள் என்ன குற்றம் செய்தது? தென்னம்பாளையிலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் அது தானே நொதிக்கும். அன்று மாலைக்குள் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயம் ஏறும். மறுநாள், அதற்கு மறுநாள் காடியாகிவிடும். நிறுத்தி வைக்கும் துவர்ப்பு அதில் இல்லை. இருந்தாலும் நிறுத்தி வைக்க எவருக்கு ஓய்வு இருந்தது? கடை மூடுவதற்குள் குடித்தாக வேண்டும், விடிந்தால் பெரட்டு. வாங்கிய சம்பளம் வந்த இடத்துக்கே திரும்பும். அவசரத்தை முதலீடாகக் கொண்டு நடந்த வாணிகம் அது. பின்னர் வந்த சம்சு அக்கள்ளையும் நல்லதாக்கிவிட்டது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டதை நாடறியும். பெரியவர் ‘தேறல்’ என்னும் சொல்லை மறைத்ததில் வியப்பில்லை. அவர் மாணவர்களுள் பாதிப்பேர் தந்தையைத் தேடிக் கடைவாசலுக்குச் சென்றவர்கள்.

இருந்தும் சொல் அவரை விடவில்லை. வண்டல் நீங்கித் தெளிந்த மூத்த மதுவை விளக்கொளியில் பார்த்தபடியே, “தேறல் என்றால் என்ன பொருள் தெரியுமா, அம்மா?” என்றார்.

“நீங்கள்தானே சொன்னீர்கள், தாத்தா. தேன் கலந்த பானம்.”

“இல்லை. தெளிந்தது. தேறு என்னும் வினையிலிருந்து வந்தது. நோயாளி தேறினான், தேர்வில் தேறினான் என்கிறோமே, அதே தேறுதல்.”

நாள்பட நாள்படத் தோலின் நிறப்பொருளும் துவர்ப்பொருளும் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட கோவைகளாகி, எடை மிகுந்து, வண்டலாய் அடியில் தங்குகின்றன என்று அவள் விளக்கினாள். அதனால் நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே தணிகின்றன. இதைக் கேட்டதும் பெரியவர் கைதட்டாத குறை. ‘துவர்’ என்னும் தமிழ்ச்சொல்லுக்குச் சுவை ஒரு பொருள். சிவப்பு இன்னொரு பொருள். துவராடை என்பதும், துவரிதழ் என்பதும் அச்சிவப்பைப் பற்றியன. ஆய்வகத்தில் இரண்டாகப் பிரித்தறிந்து பின் இணைத்துக் காட்டியதை ஒரு சொல் தன்னுள் வைத்திருந்தது. தமிழாசிரியர்களுக்கே உரிய மிகைமகிழ்ச்சி இது. மொழி தற்செயலாகத் தந்த ஒப்புமை என்று ஒருவர் மறுக்கவும் இடமுண்டு. பெரியவர் அன்று மறுப்புக் கேட்கும் நிலையில் இல்லை.

பேத்தி ஒவ்வொன்றிலும் அரைக் குவளைக்கு மேல் அருந்தவில்லை. மறுநாள் பினாங்கிலுள்ள தோழியைப் பார்க்கப் போனாள். மூத்த மதுவின் எஞ்சிய பாதி, தக்கை இறுக்கப்பட்டு அடுக்களை மேடையில் நின்றது. பெரியவர் அதை எறியவில்லை. நாள்தோறும் காலையில் காப்பிக்கு முன் தக்கையை நீக்கி முகர்ந்து பார்த்தார். இரண்டாம் நாள் சருகுமணம் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் சற்று மங்கியது. ஆறாம் நாள் காலையில் புட்டியின் வாயிலிருந்து சுள்ளென்று காடிப்புளிப்பு எழுந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் அவர் சட்டையில் ஏறிய அதே மணம். நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கழுவுதொட்டியில் கொட்டி, புட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

பிறகு அலமாரியிலிருந்து ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையோடு கூடிய புறநானூற்றை எடுத்தார். 392ஆம் பாட்டின் ஓரத்தில், பணியில் சேர்ந்த புதிதில் மாணவருக்காகப் பென்சிலால் எழுதிவைத்த ‘ஒருவகைப் பானம்’ என்னும் குறிப்பு இருந்தது. அதை அழிப்பானால் துடைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதினார்: ‘நாள்பட வைத்துத் தெளிவித்த கள்.’